ஜெக்கில் நல்லவர் என்று யார் சொன்னது?

ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் ‘டாக்டர் ஜெக்கில், மிஸ்டர் ஹைட்: ஒரு விசித்திர வழக்கு’ என்னும் குறுநாவலைப் பற்றித் தமிழில் எழுத முனைபவருக்கு முதல் வாக்கியத்திலேயே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஜெக்கிலை ‘அவர்’ என்கிறோம். ஹைடை ‘அவன்’ என்கிறோம். மூலத்தில் இருவருக்கும் ஒரே சுட்டுப்பெயர்தான். நம் மொழி மரியாதையை விகுதியில் வைத்திருப்பதால், கதை தொடங்குவதற்கு முன்பே நாம் தீர்ப்பை எழுதிவிடுகிறோம். ஜெக்கில் தாம் கண்டுபிடித்த ஒரு மருந்தைக் குடித்து ஹைடாக மாறுகிறார், இருவரும் ஒரே மனிதர் என்பது இன்று இந்நூலைத் தொடாதவர்களுக்கும் தெரியும் என்பதால், அந்த முடிச்சை இங்கே மறைக்கப் போவதில்லை. வழக்கத்தை ஒட்டி நானும் அவர், அவன் என்றே எழுதுகிறேன். ஆனால் அந்த ‘அவர்’ ஜெக்கிலுக்குத் தகுமா என்னும் ஐயம், இம்முறை படித்து முடித்தபோது எனக்கு மிகவும் வலுத்துவிட்டது.

நூல் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1850-இல் எடின்பரோவில் பிறந்த ஸ்டீவன்சன், 1885-இன் இலையுதிர் காலத்தில், இங்கிலாந்தின் தென்கரை நகரமான போர்ன்மத்தில் உடல்நலம் குன்றியிருந்த நாட்களில் இதை எழுதினார். சில காட்சிகள் தமக்குக் கனவில் கிடைத்தன என்று 1888-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவரே குறிப்பிட்டிருக்கிறார். முதல் வரைவைப் படித்த அவருடைய மனைவி ஃபேனி, உள்ளே இருந்த உருவகத்தைத் தவறவிட்டு வெறும் திகில்கதையாக எழுதிவிட்டதாகக் குறை கூறினார் என்றும், ஸ்டீவன்சன் அந்தத் தாள்களை நெருப்பில் இட்டுவிட்டு மறுபடி எழுதினார் என்றும் ஃபேனியின் மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1885 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய புத்தகம், கடைகளில் பண்டிகைக்கால வெளியீடுகள் குவிந்துகிடந்ததால் 1886 ஜனவரிக்குத் தள்ளிப்போனது. லாங்மன்ஸ் நிறுவனம் தாள் அட்டையில், ஒரு ஷில்லிங் விலையில் வெளியிட்டது. ஆறே மாதங்களில் பிரிட்டனில் ஏறத்தாழ 40,000 படிகள் விற்றன.

அந்த 40,000 பேருக்கும் கிடைத்த ஓர் இன்பம் நமக்குக் கிடைக்காது. அவர்களுக்கு இது முடிவு தெரியாத மர்மக்கதை. மொத்தம் உள்ள பத்து அத்தியாயங்களில் எட்டு அத்தியாயங்கள் வரை ஜெக்கிலும் ஹைடும் இரண்டு தனி மனிதர்கள். கடைசி இரண்டில்தான் புதிர் அவிழ்கிறது. ஜெக்கில் இறந்தாலோ, மூன்று மாதங்களுக்கு மேல் விளக்கமின்றிக் காணாமற்போனாலோ, சொத்து முழுவதும் எட்வர்ட் ஹைடைச் சேர வேண்டும் என்னும் விசித்திரமான உயில் ஒன்று வழக்கறிஞர் அட்டர்சனின் பெட்டகத்தில் உறங்குகிறது. ஹைட் செலுத்தும் இழப்பீட்டுக்கான காசோலையில் ஊரறிந்த ஒரு கனவானின் கையெழுத்து இருக்கிறது. சர் டேன்வர்ஸ் கேரு என்னும் நாடாளுமன்ற உறுப்பினரை ஹைட் அடித்துக் கொன்ற கைத்தடி, அட்டர்சனே ஜெக்கிலுக்குப் பரிசளித்தது. அலுவலக எழுத்தர் கெஸ்ட், ஹைடின் கடிதத்தையும் ஜெக்கிலின் விருந்து அழைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுத்துகளின் சாய்வு மட்டுமே வேறுபடுகிறது, மற்றபடி கை ஒன்றுதான் என்பதை உணர்த்துகிறார். இத்தனை துப்புகளும் நம் கண்முன்னே திறந்தே கிடக்கின்றன. முடிவு தெரிந்து படிக்கும்போதும் இவற்றைக் கோத்திருக்கும் நேர்த்தி அலுக்கவில்லை. சொல்லப்போனால், முன்பு கவனிக்காமல் விட்ட வேறொன்று இப்போதுதான் கண்ணில் படுகிறது.

முதல் அத்தியாயத்தில் அட்டர்சனின் உறவினர் என்ஃபீல்டு சொல்லும் சம்பவத்தை நான் இந்த முறை மூன்று தடவை படித்தேன். குளிர்கால விடியலுக்கு முந்தைய மூன்று மணி. ஒரு தெருமுனையில் எட்டு அல்லது பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து ஹைட் மீது மோதுகிறாள். அவன் விழுந்த பிள்ளையின் மேல் அமைதியாக மிதித்துக்கொண்டு நடந்துபோகிறான். என்ஃபீல்டு விரட்டிப் பிடித்து அவனை இழுத்து வருகிறார். இதுவரை எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் பகுதி. அடுத்து நடப்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சிறுமியைப் பார்க்க வந்த மருத்துவர் உணர்ச்சியற்ற, சாதாரண மனிதர். அவர் கைதியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், கொன்றுவிட வேண்டும் என்னும் ஆசையில் முகம் வெளுக்கிறார். என்ஃபீல்டுக்கும் அதே ஆசை. சூழ்ந்து நின்ற பெண்களை விலக்கிப் பிடிப்பதே பெரும்பாடாகிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே பதறாமல், ஏளனச் சிரிப்போடு நிற்பவன் ஹைட் ஒருவன்தான். கொல்ல வழியில்லாததால், உன் பெயரை லண்டன் முழுக்க நாறடிப்போம் என்று மிரட்டி, நூறு பவுண்டுக்குப் பேரம் முடிக்கிறார்கள். வங்கி திறக்க நேரம் இருக்கிறது. ஆகவே மருத்துவர், சிறுமியின் தந்தை, ஹைட் ஆகிய எல்லாரும் மீதி இரவை என்ஃபீல்டின் அறையில் கழிக்கிறார்கள். காலையில் சேர்ந்து உண்கிறார்கள். பிறகு ஒன்றாகவே வங்கிக்குப் புறப்படுகிறார்கள்.

அந்தக் காலை உணவுக்கு ஸ்டீவன்சன் அரை வாக்கியம்தான் ஒதுக்குகிறார். ஆனால் அந்த மேசையை ஒரு கணம் கற்பனை செய்து பாருங்கள். பிள்ளையை மிதித்தவனும், பிள்ளையைப் பெற்றவரும், கொலைவெறியை விழுங்கிக்கொண்ட இரண்டு கனவான்களும் ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார்கள். தீமை ஹைடுக்குள் மட்டும் அடைபட்டிருக்கிறது என்னும் எண்ணத்தை நாவல் தன் நான்காவது ஐந்தாவது பக்கத்திலேயே கலைத்துவிடுகிறது. மருந்து எதையும் குடிக்காத மருத்துவரின் உள்ளத்திலும் கொலை எழுகிறது. அதை அடக்கி வைத்தது அவருடைய நற்குணமா, சட்டத்தின் மீதிருந்த அச்சமா என்று ஆசிரியர் சொல்லவில்லை. பணம் கைமாறியதும் விவகாரம் முடிகிறது. காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்த மௌனம்தான் கதையை நடத்திச் செல்கிறது. வழக்கமான துப்பறியும் கதையில் கேள்வி கேட்பவர் ஒருவர் இருப்பார். இங்கே கேள்வி கேட்காமல் இருப்பதையே ஒழுக்கமாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு விவகாரம் எவ்வளவுக்கு எவ்வளவு சந்தேகத்துக்கிடமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு அவ்வளவு குறைவாகக் கேட்பதே என் விதி என்கிறார் என்ஃபீல்டு. மிக நல்ல விதி என்று வழக்கறிஞர் ஆமோதிக்கிறார். அட்டர்சன் உண்மையிலேயே அன்பானவர். கெட்டுப்போகிறவர்களின் வாழ்வில் கடைசிவரை ஒட்டியிருக்கும் கண்ணியமான நண்பர் என்று ஆசிரியரே அவரை அறிமுகப்படுத்துகிறார். ஆனால் ஒவ்வொரு துப்பையும் தம் நண்பரின் மானம் கெடாத வகையிலேயே அவர் பொருள்கொள்கிறார். ஜெக்கிலின் இளமைக்காலத் தவறு ஒன்றை வைத்து ஹைட் மிரட்டிப் பணம் பறிக்கிறான் என்பது அவருடைய முதல் ஊகம். ஹைடின் கடிதம் ஜெக்கிலின் கையெழுத்தில் இருப்பது தெரிந்ததும், ஒரு கொலைகாரனுக்காக ஜெக்கில் பொய்க்கடிதம் எழுதுவதா என்று அவருக்கு இரத்தம் உறைகிறது. ஆயினும் அந்தத் தாளை எடுத்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறார். கடைசி இரவில் பணியாளர் பூல் வந்து, உள்ளே இருப்பது என் எஜமானர் இல்லை என்று கதறும்போதும், உருவத்தைக் கெடுக்கும் நோய் ஒன்று ஜெக்கிலைப் பீடித்திருக்கும், அதனால்தான் முகமூடி அணிகிறார் என்று ஒரு விளக்கத்தைக் கட்டி எழுப்புகிறார். ஹைட் இத்தனை நாள் பிடிபடாமல் இருந்ததற்கு ரசாயனம் பாதிக் காரணம் என்றால், நல்லவர்களின் இந்த நாகரிகம் மீதிப் பாதிக் காரணம்.

தலைப்பில் உள்ள ‘வழக்கு’ என்னும் சொல்லைப் பற்றி இங்கே ஓர் இடைக்குறிப்பு. மூலத்தில் உள்ள சொல், நீதிமன்ற வழக்கையும் நோயாளியின் நிலையையும் ஒருசேரக் குறிக்கும். நம் பேச்சுவழக்கில் காவல் நிலையத்திலும் ‘கேஸ்’, மருத்துவமனையிலும் ‘கேஸ்’ என்கிறோமே, அதே இரட்டைப் பொருள். கதையில் வழக்கறிஞர் ஒருவர், மருத்துவர்கள் இருவர். ஒருவர் குற்றமாகப் பார்ப்பதை மற்றவர்கள் உடலின் கோளாறாகப் பார்க்கிறார்கள். தமிழில் ‘வழக்கு’ என்று எழுதும்போது அதில் பாதி நழுவிப்போகிறது.

நூலின் உயிர்நாடி கடைசி அத்தியாயமான ஜெக்கிலின் வாக்குமூலம். நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போர், ஜெக்கில் நன்மை, ஹைட் தீமை என்று இந்நாவலைப் பற்றிச் சொல்பவர்கள் இந்த அத்தியாயத்தை அவசரமாகப் படித்தவர்கள் என்றே நினைக்கிறேன். ஜெக்கில் கண்டுபிடித்த மருந்து மனிதனை நல்லவன், கெட்டவன் என்று இரண்டாகப் பிரிக்கவில்லை. அந்த மருந்துக்கு நல்லது கெட்டது தெரியாது என்று அவரே எழுதுகிறார். அது மனத்தின் சிறைக்கதவை அசைத்துவிடும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் விழித்துக்கொண்டிருந்தது எதுவோ அது வெளியே வரும். அவருடைய நற்குணம் அப்போது உறங்கிக்கொண்டிருந்தது. தீக்குணம் வேட்கையால் விழித்திருந்தது. அதனால் ஹைட் வந்தான். இன்னும் உயர்ந்த நோக்கத்தோடு அதைக் குடித்திருந்தால் தேவதூதனாக வெளிப்பட்டிருப்பேன் என்கிறார். ஆனால் அந்தத் தேவதூதன் நாவலில் ஒருமுறைகூட வரவில்லை. தூய தீமைக்கு ஓர் உடல் கிடைத்தது. தூய நன்மைக்கு உடல் கிடைக்கவில்லை. மறுபக்கத்தில் எஞ்சியிருந்தது பழைய ஜெக்கில்தான்: நன்மையும் தீமையும் கலந்த, தம்மைத் திருத்திக்கொள்ளும் நம்பிக்கையைத் தாமே இழந்துவிட்ட அதே கலவை. தராசின் ஒரு தட்டில் முழுத் தீமை; மறு தட்டில் பாதி நன்மை. இந்தக் கணக்கு ஒருபோதும் சமன்படாது என்பதுதான் கதையின் சோகம்.

மனிதன் ஒருவன் அல்லன், இருவர் என்னும் புகழ்பெற்ற கூற்றும் பெரும்பாலும் பாதியிலேயே வெட்டப்பட்டு மேற்கோளாகிறது. என் அறிவு எட்டியவரை இரண்டு என்கிறேன், எனக்குப் பின்வருபவர்கள் இன்னும் பலரைக் கண்டறிவார்கள், மனிதன் என்பவன் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பலர் குடியிருக்கும் ஊர் என்று தெரியவரும் என்று அந்தப் பத்தி தொடர்கிறது. இருமை பற்றிய நாவல் என்று உலகம் கொண்டாடும் புத்தகத்திலேயே, இரண்டு என்பது தற்காலிக எண்ணிக்கை என்னும் எச்சரிக்கை இருக்கிறது.

வாக்குமூலத்தில் இரண்டு இடங்கள் எழுத்தாளரின் கைத்திறனுக்குச் சான்று. ஒரு நாள் காலை ஜெக்கில் தம் சொந்தக் கட்டிலில் விழிக்கிறார். அறை தம்முடையது, திரைச்சீலை தம்முடையது. ஆயினும் ஏதோ ஒன்று உறுத்துகிறது. அரைத் தூக்கத்தில் பார்வை கையின் மேல் விழுகிறது. ஜெக்கிலின் கை பெரியது, உறுதியானது, வெண்மையானது. மருத்துவருக்கு உரிய கை. போர்வையின் மேல் கிடந்த கையோ மெலிந்து, நரம்போடி, கணுக்கள் புடைத்து, கருமயிர் அடர்ந்திருக்கிறது. மருந்தே குடிக்காமல், உறக்கத்திலேயே அவர் ஹைடாகிவிட்டார். அலறல் இல்லை, மின்னல் இல்லை. காலை வெளிச்சத்தில் ஒரு கை மட்டுமே. இதைவிடச் சிக்கனமான திகில் காட்சியை நான் அதிகம் படித்ததில்லை.

இரண்டாவது இடம் இன்னும் நுட்பமானது. கேரு கொலைக்குப் பின் ஜெக்கில் ஹைடைத் துறந்து, தான தருமங்களில் ஈடுபட்டு, இரண்டு மாதங்கள் ஒழுங்காக வாழ்கிறார். பிறகு பழைய வேட்கை தலைதூக்க, இம்முறை மருந்தின் துணை இல்லாமல், ஜெக்கிலாகவே ஒருமுறை தவறுகிறார். அதற்குப் பிந்தைய ஒரு தெளிந்த ஜனவரி நாளில் ரீஜன்ட்ஸ் பூங்காவின் இருக்கையில் வெயில் காய்ந்துகொண்டிருக்கிறார். நானும் மற்றவர்களைப் போன்றவன்தானே என்று நினைக்கிறார். உடனே, என்னுடைய நற்செயல்கள் எங்கே, அவர்களுடைய சோம்பலான அலட்சியம் எங்கே என்று ஒப்பிட்டுப் பார்த்துப் புன்னகைக்கிறார். அந்தக் கணத்தில்தான் உடல் நடுங்குகிறது. குனிந்து பார்த்தால் ஆடைகள் தொளதொளவென்று தொங்குகின்றன. முழங்காலின் மேல் இருப்பது ஹைடின் கை. அவனை அழைத்தது கோபமோ காமமோ இல்லை, தன் நற்குணத்தைத் தானே மெச்சிக்கொண்ட ஒரு சிறு புன்னகை. இதற்கு மேல் ஜெக்கிலை நன்மையின் பிரதிநிதி என்று எப்படிக் கொள்வது? ஹைட் செய்த குற்றங்களுக்கு ஹைட் மட்டுமே பொறுப்பு, காலையில் விழிக்கும் ஜெக்கில் கறைபடாதவர், முடிந்தால் இழப்பீடும் கொடுத்துவிடுவார் என்று அவர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டை, ஹைடின் குரூரத்தைவிட அருவருப்பானதாகவே என்னால் பார்க்க முடிகிறது. ஹைட் தன்னைப் பற்றி எவரிடமும் பொய் சொல்லிக்கொள்வதில்லை.

இத்தகைய இரட்டை வாழ்வுக்கு ஸ்டீவன்சன் பிறந்த ஊரிலேயே முன்மாதிரி இருந்தது. பகலில் தச்சர் சங்கத்தின் தலைவராகவும் நகர மன்ற உறுப்பினராகவும் விளங்கி, இரவில் வீடு புகுந்து திருடிய வில்லியம் பிராடி 1788-இல் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டார். அவர் செய்த மரச்சாமான் ஒன்று ஸ்டீவன்சன் வளர்ந்த வீட்டில் இருந்தது. அவரைப் பற்றி நண்பர் ஹென்லியோடு சேர்ந்து ஸ்டீவன்சன் ஒரு நாடகமும் எழுதினார். ஆனால் பிராடி எந்த மருந்தும் குடித்ததில்லை. அந்த வகையில் உண்மைக் கதை நாவலைவிடக் கடுமையானது.

குறைகளும் உண்டு. ஜெக்கிலின் பழைய நண்பரான மருத்துவர் லான்யனின் கடிதமும் ஜெக்கிலின் வாக்குமூலமும் அடுத்தடுத்து வருவதால், கோடரியால் கதவைப் பிளக்கும் எட்டாவது அத்தியாயத்தின் வேகம் சட்டென்று அடங்கி, நாம் ஆவணங்களைப் புரட்டும் குமாஸ்தாக்கள் ஆகிவிடுகிறோம். அவசரத்தில் எழுதப்பட்டதன் தடயமும் தெரிகிறது: ஜனவரி 9 அன்று லான்யனுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் ஜெக்கிலின் கடிதத்தின் தலையில் டிசம்பர் 10 என்று தேதியிடப்பட்டிருக்கிறது. பெண்கள் இந்த உலகில் ஏறத்தாழ இல்லவே இல்லை. ஜன்னலோரம் நின்று கொலையைப் பார்க்கும் பணிப்பெண்ணுக்குக்கூடப் பெயர் கிடையாது. எனக்கு மிகவும் உறுத்துவது, ஹைடைக் குள்ளமாகவும் குரங்குத்தனம் கொண்டவனாகவும் படைத்திருப்பது. தீமை தோற்றத்தில் தெரியும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிவியல் என்ற பெயரில் உலவிய நம்பிக்கை. ஒன்றை மட்டும் ஆசிரியருக்குச் சாதகமாகச் சொல்லலாம்: ஹைடைப் பார்த்த எவராலும் அவனிடம் இன்ன ஊனம் என்று சுட்டிச் சொல்ல முடியவில்லை. ஏதோ கோணல் இருப்பதாகத் தோன்றுகிறதே தவிர, எங்கே என்று தெரியவில்லை.

இருவரையும் நேரெதிராக நிறுத்திய பழியில் பெரும்பங்கு மேடையைச் சேரும். 1887-இல் பாஸ்டனில் அரங்கேறிய நாடகம் ஜெக்கிலுக்கு ஒரு காதலியைக் கொடுத்தது. பின்வந்த பல வடிவங்கள் அவரை இளைஞராகவும் தியாகியாகவும் ஆக்கிவிட்டன. நாவலின் ஜெக்கிலோ ஐம்பது வயதான, வாட்டசாட்டமான, சற்றே கள்ளத்தனம் தெரியும் முகம் கொண்ட மனிதர். நான் வாங்கிய பதிப்பின் அட்டையிலும் முகத்தின் ஒரு பாதி வெள்ளையாகவும் மறுபாதி கறுப்பாகவும் வரைந்து, முன்னுரையின் முதல் பத்தியிலேயே முடிச்சையும் அவிழ்த்து வைத்திருந்தார்கள். முன்னுரையைப் பின்னுரையாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை. புதிதாகப் படிப்பவர்கள் அதைத் தாண்டி நேரே முதல் அத்தியாயத்துக்குச் செல்வது நல்லது. மூலம் ஏறத்தாழ 26,000 சொற்கள்தான். ஒரே மாலையில் முடித்துவிடலாம். சட்டத்துறை வாசகம் கலந்த நீண்ட வாக்கியங்கள் முதல் பத்துப் பக்கங்களில் சற்றுத் தடுக்கும், பிறகு பழகிவிடும். வேகமான திருப்பங்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம்.

தொடக்கத்தில் சொன்ன சுட்டுப்பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன். வாக்குமூலத்தின் பிற்பகுதியில் ஜெக்கிலுக்கே அது வந்துவிடுகிறது. ஹைடின் செயல்களை விவரித்துக்கொண்டே வருபவர், அவன் என்றுதான் சொல்கிறேன், நான் என்று சொல்ல என்னால் முடியவில்லை என்று ஓரிடத்தில் நிற்கிறார். அதன்பின் ஹைட் ‘அவன்’ ஆகிறான். சில வரிகளில் ஜெக்கிலும் படர்க்கைக்குப் போய்விடுகிறார். மருந்துக்கு வேண்டிய உப்பு தீர்ந்துவிட்டது. முதலில் வாங்கிய சரக்கில் தற்செயலாகக் கலந்திருந்த ஏதோ ஒரு கசடுதான் வேலை செய்திருக்கிறது. லண்டனில் உள்ள கடையெல்லாம் ஆளனுப்பித் தேடியும் அது மீண்டும் கிடைக்கவில்லை. கடைசி வரியில், பேனாவைக் கீழே வைத்து இந்தத் தாள்களுக்கு முத்திரையிடும் இப்போது, அந்தப் பாவப்பட்ட ஹென்றி ஜெக்கிலின் வாழ்வை முடித்து வைக்கிறேன் என்று எழுதப்பட்டிருக்கிறது. முடித்து வைப்பவர் ஜெக்கில் இல்லை. ஹைடாக இருந்தால் தாள்களைக் கிழித்தெறிந்திருப்பான். நாவல் அங்கேயே நின்றுவிடுகிறது; தம் அறையில் தனியே அமர்ந்து அதைப் படித்து முடித்த அட்டர்சன் என்ன செய்தார் என்று காட்ட ஆசிரியர் திரும்பி வரவில்லை. திருத்தி எழுதப்பட்ட உயிலில் ஹைடின் பெயர் இருந்த இடத்தில் இப்போது அவருடைய பெயர் இருக்கிறது.